சிவப்பு மூடி

பள்ளிக்கூடத்தின் ஒரே மேசையை அன்று வராந்தாவுக்குத் தூக்கி வந்து போட்டிருந்தோம். மேசைமேல் ஒரு மூங்கில் கூடை. கூடை நிறையப் பழுப்பு உறைகள், எல்லாம் ஒட்டி, குலுக்கிப் போட்டவை. மூடுபனி தூண்களுக்கு நடுவே புகுந்து வந்து உறைகளின் ஓரங்களை நமுத்துப்போகச் செய்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் கூடைக்குள் கையைவிட்டு ஓர் உறையை எடுக்க வேண்டும். டாக்டர் வசந்தா அதைக் கத்தரித்துப் பார்ப்பார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம், வெள்ளை அல்லது சிவப்பு. வெள்ளை என்றால் வெள்ளை மூடி போட்ட மாத்திரை டப்பா, சிவப்பு என்றால் சிவப்பு மூடி.

என் மகள் செலினுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அவள் அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரைக் கையை மடித்துப் போட்டிருந்தாள். கூடையை எட்டிப் பார்த்து, மேலே கிடந்ததை விட்டுவிட்டு அடியில் துழாவி ஒன்றை எடுத்தாள். டாக்டர் கத்தரித்தார். சிவப்பு.

வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். தாயில்லாப் பிள்ளை குளிரில் நிற்கிறதே என்று பரிதாபப்படுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். அந்தப் பரிதாபம் எனக்குப் பழக்கமானது. அதைக் கவனிக்காத மாதிரி இருக்கவும் பழகியிருந்தேன்.

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் பயமே இல்லாமல் நாட்களைக் கழித்தீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் அந்தச் சிவப்பு மூடியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கேள்வித்தாளில் இல்லாத பஸ்

நான் வாத்தியாராக இருந்தது பேத்துப்பாறைக்கு அந்தப் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு சின்ன ஊரில். மிஷன் நடத்திய பள்ளிக்கூடம். பக்கத்திலேயே பலகை வீடு. ஊரில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். நாங்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலுக்குப் பூசைக்குப் போவோம், பஸ் இருந்தால்.

டாக்டர் வசந்தா சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர். முதல் தடவை வந்தபோது மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. கேள்விகளை மட்டும் கொண்டுவந்தார். மலை ஊர்களில் எந்த வியாதி அதிகம், ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று வீடுவீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவருடையது பட்டணத்துத் தமிழ். அதனால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். விடுமுறை நாட்களில் அவரோடு நடந்தேன்.

"கடந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்று ஒரு கேள்வி. ஒரு பெரியவர் யோசித்துவிட்டு, "ரெண்டு வாரம்னா பூண்டு பிடுங்குனதுக்கு முன்னாலயா, பின்னாலயாங்க?" என்று திருப்பிக் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பூண்டை வைத்தே கேட்டோம்.

கடைசிக் கேள்வி, உங்கள் ஊர் ஆரோக்கியத்துக்கு முக்கியமாக என்ன தேவை என்பது. ஆஸ்பத்திரி, மருந்து, சுத்தமான தண்ணீர், சத்துணவு என்று வரிசையாக அச்சடித்திருந்தது. எதையாவது ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

"பஸ்" என்றாள் பேச்சியம்மா.

பேச்சியம்மா எங்கள் பக்கத்துத் தோட்டக்காரி. செலினின் தோழி தங்கத்துக்கு அம்மா. வாயாடி. டாக்டர் சிரித்துக்கொண்டே, பஸ் இதில் இல்லையே அம்மா என்றார்.

"இல்லைன்னா எழுதிக்கங்க. பிள்ளைக்கு இழுப்பு வந்துச்சுன்னா கோசு லாரி வர்ற வரைக்கும் ரோட்டுல நிக்கணும். லாரிக்காரன் பிள்ளைய ஏத்துவானா, கோச ஏத்துவானா? இம்புட்டுத் தாளு அடிச்சவங்க பஸ்ஸ விட்டுப்புட்டாகளே."

டாக்டர் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பஸ்' என்று எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சுற்றில் வேறொன்றும் தெரிந்தது. வீட்டுக்கு வீடு மூச்சு இழுப்புக்காரப் பிள்ளைகள் இருந்தார்கள். ஈர விறகுப் புகையோ, பனியோ, வேறு எதுவோ. என் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். அடுத்த தடவை டாக்டர் மாத்திரையோடு வந்தார்.

பார்த்தவர்கள் யார்

இழுப்புக்கு இரண்டு மாத்திரைகள் இருந்தன. ஒன்று பல காலமாக ஆஸ்பத்திரிகளில் கொடுத்துவந்தது. இன்னொன்று புதியது. புதியதுதான் மேல் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்றாங்க சார். பார்த்தவங்க யாரு?" என்றார் டாக்டர்.

பார்ப்பதற்கு ஒரே வழி, பாதிப் பிள்ளைகளுக்குப் பழையது, பாதிப் பிள்ளைகளுக்குப் புதியது கொடுத்துப் பல மாதம் கவனிப்பது. யாருக்கு எது என்று டாக்டர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் மெலிந்த பிள்ளைக்குப் புதியதைக் கொடுக்கத் தோன்றும். அதனால்தான் உறைகள். எந்த மூடிக்குள் எந்த மருந்து என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததையே பார்க்கும் என்றார். அந்த விவரம் அவர் கல்லூரியில் ஒரு பேராசிரியரின் அலமாரிக்குள் பூட்டியிருந்தது.

பிள்ளைகளே உறையை எடுக்கட்டும், அவர்களுக்கும் விளையாட்டாக இருக்கும் என்பது டாக்டரின் யோசனை. எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

செலினைச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன். அதற்குக் காரணம் லூர்து.

லூர்து என் மனைவி. செலினுக்கு ஐந்து வயதானபோது காய்ச்சலில் படுத்தாள். மலையிலிருந்து இறக்கிச் சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கிருந்த டாக்டர் உயரமானவர், நல்ல குரல். ஓர் ஊசியைப் போட்டுவிட்டு, "கவலைப்படாதீங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போவாங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை அவளுக்காக நடந்தது.

பிறகு ஒருநாள் அவரைத் தேடிப்போய், அது என்ன ஊசி என்று கேட்டேன். சண்டைக்குப் போகவில்லை. தெரிந்துகொள்ளத்தான் போனேன். "எல்லாருக்கும் இதைத்தான் போடுறோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் போட்டார். போட்ட பிறகு யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. திரும்பிவரும் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி முதல் வளைவு ஏறும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதனால், எனக்குத் தெரியாது, பார்க்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னதும் அவரை நம்பினேன். மற்றவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம்.

தட்டிக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் ஓர் அறையைப் பலகைத் தட்டியால் இரண்டாகப் பிரித்திருந்தோம். அந்தப் பக்கம் செலின். இந்தப் பக்கம் நான். தட்டி கூரையைத் தொடாது. அவள் மூச்சு மேலே வழியாக எனக்குக் கேட்கும்.

இழுப்பு வந்த பிள்ளையின் மூச்சைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். முதலில் பூனைக்குட்டி போல ஒரு கீச்சு. பிறகு இழுப்பு நீளும். விடும் மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நானும் மூச்சுவிட மாட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

காலையில் பால் காய்ச்சிக் கொடுத்து மாத்திரையைக் கையில் வைப்பேன். வாயில் போட்டுக்கொள்வாள். தண்ணீர் குடிப்பாள். டம்ளரை வைத்துவிட்டு, பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போவாள். நல்ல பிள்ளை என்று நினைப்பேன்.

மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பிள்ளைகளைப் பார்த்தார். மார்பில் குழாய் வைத்துக் கேட்பார், மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஊதி அணைக்கச் சொல்வார். நான் பக்கத்தில் நிற்பேன். சில தடவைகளிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை மூடிப் பிள்ளைகள் ஒரே ஊதலில் மெழுகுவர்த்தியை அணைத்தார்கள். சிவப்பு மூடிப் பிள்ளைகள் தோளை உயர்த்தி உயர்த்தி ஊதினார்கள். சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. தங்கமும் சிவப்புதான். செலினும் சிவப்பு.

மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று டாக்டர் ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்டார். "ஆமாங்க" என்றார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, கீழே பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஜீப்பில் ஏறும்போது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சிவப்பு எதுவாக இருந்தாலும் சரியில்லை என்று அவருக்கும் தோன்றியிருந்தது. நிறுத்திவிடலாமா என்று நான் கேட்க நினைத்தேன். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க வேண்டும் என்று விரும்பியவன் நான்தானே.

அந்த ஒரு மாதம் முடியவில்லை.

பூண்டு லாரி

ஒருநாள் விடிகிற நேரம். அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கீச்சும் இல்லை. அந்த அமைதியில்தான் பயந்து ஓடினேன்.

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தாள். தோள் மட்டும் ஏறி இறங்கியது. பேச முடியவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பேச்சியம்மா வெள்ளனே எழுந்து தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடுரோட்டில் போய் நின்றாள். பூண்டு ஏற்றிய லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தது. அவள் நகரவில்லை.

"ஓரம் போம்மா, சோலி கெடக்கு" என்றார் டிரைவர்.

"சோலி கெடக்கட்டும். பிள்ளைய ஏத்து. வெரசா போ."

முன்பக்கம் இடமில்லை. பூண்டு மூட்டைகளின்மேல் அவளை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல்வரை போனேன். இன்றுகூடச் சந்தையில் பச்சைப் பூண்டு வாசனை வந்தால் என் கை தானாக யாரையோ இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பிராணவாயு வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் உதட்டில் நிறம் திரும்பியது. வேறு வேலையாகக் கொடைக்கானலில் இருந்த டாக்டர் வசந்தா கேள்விப்பட்டு வந்தார். வார்டு வாசலில் வைத்து அவரிடம் கேட்டேன்.

"என் பிள்ளைக்கு எதைக் கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுக்கலாம் சார். அது உங்க உரிமை. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உங்க பிள்ளைக்குத் திறந்தா எல்லாருக்கும் திறந்த மாதிரி. ரெண்டே கலர்தான். இதோட இந்த ஆராய்ச்சி முடிஞ்சுடும்."

அவர் இரண்டு வருஷமாக மலையேறி இறங்கிய வேலை அது. கண்ணாடிக் கதவு வழியாகச் செலினைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"போய் டிரங்க் கால் புக் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு இறங்கிப் போனார்.

மாலையில் நனைந்த சேலையோடு திரும்பி வந்தார். என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். சிவப்பு மூடி பழைய மாத்திரை. எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுப்பது. இந்த வார்டிலேயே பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது.

எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. விஷம் எதையும் கொடுத்துவிடவில்லை. ஆனால் டாக்டரின் முகத்தில் நிம்மதி இல்லை.

"புதுசு கொஞ்சம் மேலா இருக்கலாம். ஆனா பழசு இவ்வளவு மோசமா இருக்காதுங்க. நானே எத்தனை பிள்ளைங்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கேன். ஒரு சிவப்புப் பிள்ளைகூட தேறலையே, ஏன்?"

பரண்மேல் இருந்த டப்பா

மறுநாள் செலின் கஞ்சி குடித்தாள். வார்டு சிஸ்டர், நீங்கள் இங்கே நின்றுகொண்டு என் வழியை மறிக்கிறீர்கள் என்று என்னை வெளியே அனுப்பினார். டாக்டரின் ஜீப்பில் ஊருக்குப் போனோம். நேராகப் பேச்சியம்மா வீடு. ஜீப்பின் பின்னால் தொற்றிய பையன்களை டிரைவர், "ஏலே, எறங்குங்கடா" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மா முதலில் செலினைப் பற்றித்தான் கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கத்தின் மாத்திரை டப்பாவைக் காட்டச் சொன்னார் டாக்டர்.

அவள் நகரவில்லை. பிறகு, தப்பித்துப் போக வழியில்லை என்ற மாதிரி, விறகுப் பரணிலிருந்து எடுத்து வந்து வைத்தாள். சிவப்பு மூடியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. டாக்டர் அவிழ்த்துத் திறந்தார். மாத்திரைகள் வாய்வரை அப்படியே இருந்தன.

"கொடுக்கவே இல்லையா?"

"எப்படிங்க குடுக்குறது? சாமிதான் வேண்டாம்னு சொல்லிருச்சே."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பேச்சியம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்ற ஆச்சரியம் அவளுக்கு.

அவள் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். அந்த ஊரில் பெண் கட்டுவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் முத்தாலம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்த காரியத்தை அதற்குமேல் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒட்டிய உறை. குலுக்கிய கூடை. எடுப்பது குழந்தை. உள்ளே வெள்ளை அல்லது சிவப்பு. நாங்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தோம்.

"டாக்டரம்மா படிச்சவக, ஆனாலும் சாமிய விட்டுடாம பூப்போட்டுக் குடுக்குறாகளேன்னு ஊரே பெருமைப்பட்டுச்சுங்க" என்றாள் பேச்சியம்மா. வெள்ளை வந்த வீடுகளில் ஒரு வேளை தவறாமல், விளக்கேற்றி வைத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு வந்த வீடுகளில் டப்பாவைத் திறக்கவில்லை. கேட்டால் "ஆமாங்க" என்றார்கள். சாமி மறுத்ததை டாக்டரம்மாவிடம் சொல்லி அவர் மனசைக் கோணவைப்பானேன்?

பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மட்டுந்தான் சார் சிவப்பு வந்தும் பிள்ளைக்குக் குடுத்தீக. உங்க வேதத்துல பூப்போடுறது இல்லைன்னு தெரியும். எப்படி உங்ககிட்ட வந்து சொல்றது? பொம்பளைக நாங்க அந்தப் பிள்ளைக்காகச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டோம்."

அந்த ஊரில் நான் யாருக்கும் வேண்டாத ஆள், மூன்று வருஷமாக யாரும் என் பக்கம் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவர்கள் இத்தனை பேர் சேர்ந்து என் மகளுக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமல்.

டாக்டர் வெளியே போய் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கேட்டேன் சார். காய்ச்சலா, பேதியா, கக்கூஸ் இருக்கா, கோழி இருக்கான்னு. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமான்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்கன்னு கேக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸையே விட்டவ நான்" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்த பிறகு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் அடுத்த வருஷம் மறுபடி வந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை எல்லா டப்பாவும் ஒரே மாதிரி, நிறமில்லாமல், எண் மட்டும். ஆரம்பிக்கும் முன் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, இது சாமி கேட்பது இல்லை, எனக்கே தெரியாததால் கேட்கிறேன் என்று விளக்கினார். அப்படியானால் நாங்கள் முதலில் கோயிலில் தனியாகக் கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள். கேட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளை வந்ததாம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள், எல்லாரும் விழுங்கினார்கள். முடிவில் எது மேல் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இல்லைங்க சார், ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டுமே பரவாயில்லை என்றார். அத்தனை மலையேற்றத்துக்கு அவ்வளவு சின்ன பதில். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூச்சு

நான் சொல்ல வந்தது அதுவல்ல. பேச்சியம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய வழியெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. மற்ற சிவப்புப் பிள்ளைகள் தேறாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. செலினுக்கு நான் தினமும் கொடுத்தேனே?

பார்வையாளர் நேரம். வார்டில் இயேசுவின் படத்துக்குக் கீழே அவள் கட்டில். ஜன்னலில் பனி விலகி, ஏரிப்பக்கத்து மரங்கள் தெரிந்தன. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். தங்கம் மாத்திரை சாப்பிடவே இல்லையாம் என்றேன், சும்மா சொல்கிற மாதிரி.

அவள் சுளையிலிருந்து நாரைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

கடைசி நாரையும் பிய்த்துப் போட்டாள். பிறகு சொன்னாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாளாம். கொல்லைக்குப் போய், மழைத்தண்ணீர் வரும் தகரக் குழாய்க்குள் துப்பிவிடுவாளாம். முதல் நாளிலிருந்தே. சிவப்பு வந்தால் சாமி வேண்டாம் என்கிறது, மீறிச் செய்தால் செத்துப்போவோம் என்று தங்கம் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் சொன்னால் அப்பா நம்பமாட்டார். சாப்பிட்டால் செத்துப்போவாள், சாப்பிடாவிட்டால் அப்பா வருத்தப்படுவார். எட்டு வயதுப் பிள்ளை இதைத் தனியாக வைத்துக்கொண்டு தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

திட்டவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெகுநாளாகக் கேட்க வைத்திருந்த மாதிரி கேட்டாள்.

"அம்மாவுக்கு என்ன கலர் வந்துச்சுப்பா?"

இப்போது செலின் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் இன்னும் அதே பலகை வீட்டில்தான்; தட்டியைக் கழற்றிவிட்டேன். வீடு பெரிதாகிவிட்டது. மழைக்காலத்தில் கொடைக்கானல் ரோடு இருட்டிக்கொண்டு வந்தால், அங்கே மதுரையில் வெயிலடிக்கிறது என்று தெரிந்தும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கேள்வி வந்த இடத்திலிருந்து நான் இன்னும் முழுதாக எழுந்துவரவில்லை.

அன்று அவளிடம் சொன்னேன்.

"அம்மாவுக்கு யாரும் எதையும் எடுக்கலைம்மா. அந்த டாக்டருக்கு எல்லாம் தெரியும்னு அவரும் நினைச்சாரு, நானும் நினைச்சேன்."

"அப்ப, அம்மாவ வேண்டாம்னு சாமி சொல்லலையா?"

"சொல்லலை. யாருமே சொல்லலை."

யோசித்தாள். ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தாள். மாத்திரை கொடுக்கும் வேளைக்குச் சிஸ்டர் தட்டோடு வந்து நின்றார். செலின் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்கினாள். பிறகு யாரும் கேட்காமலே என் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை.